உப்பில்லாமல் ஒரு மசாலா

ஆல்புமின் என்றால் என்னவென்று வெல்டருக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட விதத்திலேயே அது நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு புள்ளி ஆறு. போன மாதம் மூன்று. அதற்கு முந்தின மாதம் மூன்று புள்ளி நான்கு.

"ரத்தத்துல புரதம் குறைஞ்சுக்கிட்டே வருது. சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

வெல்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு வாய், மூணு வாய். அதுக்கு மேல தட்டைத் தள்ளிடுறா சார்."

"மெஷின் ரத்தத்தைத்தான் சுத்தம் பண்ணும். உடம்புல சதை போட அதால முடியாது. அது சாப்பாட்டாலதான் ஆகணும். இப்படியே போனா மெஷினைத் தாங்குற தெம்பு கூட இருக்காதும்மா." டாக்டர் கடைசி வரியை அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பள்ளியில் திட்டு வாங்குகிற பிள்ளை ஆட்டுகிற மாதிரி, காதில் வாங்காத ஆட்டல்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள். பல வருஷமாகத் தலைவலி. ஊசியில் நூல் கோர்த்துக் கோர்த்துக் கண் களைத்ததால் வருகிற வலி என்று அவளாகவே முடிவு கட்டி மாத்திரை போட்டுக்கொண்டாள். அது ரத்த அழுத்தம் என்று தெரிய வந்தபோது, அழுத்தமும் மாத்திரையுமாகச் சேர்ந்து உள்ளே இருந்ததையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டிருந்தன. இப்போது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். உப்பு கூடாது. தண்ணீர் அளந்துதான். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, இளநீர் கூடவே கூடாது. கூடாதவற்றின் பட்டியல் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. கூடியவற்றுக்குப் பட்டியலே தேவைப்படவில்லை.

பேருந்தில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் போனபின் சொன்னாள்.

"நிறுத்திடலாங்க."

"எதை?"

"மெஷினை."

வெல்டர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"நான் சிஸ்டர்கிட்ட கேட்டேன். நிறுத்தினா எவ்வளவு நாள்னு. பத்து நாள், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம்னாங்க. வலி தெரியாம பாத்துக்க மருந்து இருக்காம்."

"பைத்தியமா உனக்கு?"

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இருபத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில், சட்டைப் பொத்தான் ஒன்று காணாமல் போனால் கூட அரை மணி நேரம் பேசுகிறவள் அவள். பிள்ளை இல்லாத வீட்டில் சத்தம் அவள் ஒருத்தியுடையதுதான். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். நாள் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உனக்கு என்ன சாப்பிடணும்னு தோணுது? எதுவானாலும் சொல்லு. தலைகீழா நின்னாவது கொண்டாந்துடுறேன்."

"ஒண்ணும் தோணல."

"ஒண்ணே ஒண்ணு."

அவள் வெகு நேரம் கழித்து, அவரை விரட்டுவதற்காகச் சொன்னாளோ உண்மையாகவே சொன்னாளோ, "சந்தை முனைக் கடையில புகை போட்ட பன்னிக்கறி" என்றாள். "அந்த ஓரம் கருகி, மசாலா ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது."

மறுநாள் வெல்டர் பட்டறைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அறை வாசலில் போய் நின்றார். ஆலோசகர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கேட்டதும் சிரிக்கவில்லை.

"கறி நல்லதுதான். இவங்களுக்குப் புரதம் வேணும். புதுசா வெட்டின பன்னிக்கறி தாராளமா குடுக்கலாம், ஒரு வேளைக்கு உள்ளங்கை அளவு. ஆனா கடையில விக்கிற புகைக்கறி வேண்டாம். உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, அது மேல தடவுற மசாலாவிலயும் பாதிக்குப் பாதி உப்பு. பாக்கெட்ல விக்கிற மசாலாவும் அப்படித்தான்."

"அப்ப என்ன பண்றது மேடம்?"

"நீங்களே பண்ணுங்க. மசாலாவை வீட்டுல கலந்து, நீங்களே புகை போடுங்க. உப்பு மட்டும் கிட்ட வரக்கூடாது."

வெல்டருக்குத் தெரிந்த சமையல் உப்பில்லாக் கஞ்சியும் தேநீரும் மட்டும். அதையும் மனைவி குடித்துவிட்டு, "சூடா இருக்கு" என்று மட்டும் சொல்லி வைப்பாள்.

இதற்கு நடுவில்தான் மச்சான் வந்தார். அவள் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் சாலையிலேயே கிடப்பவர். தங்கச்சி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாளே என்று கேள்விப்பட்டு, வருகிற வழியில் சந்தை முனைக் கடையில் இறங்கி, ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். வெல்டர் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. தங்கை கண்ணில் தண்ணீர் வர வர சாப்பிட்டாளாம். எட்டுத் துண்டு. அதற்கப்புறம் தாகம் தாங்காமல் ஒரு சொம்புத் தண்ணீர். அண்ணனுக்கு மனசு நிறைந்து போயிற்று.

விடிந்ததும் அவளுக்கு மூச்சு விட முடியவில்லை. படுத்தால் மூழ்குகிறவள் மாதிரி கைகளை வீசினாள். உட்கார வைத்தால் தொண்டையில் குமிழி குமிழியாகச் சத்தம். கால் வீங்கி, முகம் வீங்கி, உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் வெல்டர் அவள் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் ஒவ்வொரு மூச்சையும் இழுக்கும்போது அவரும் சேர்ந்து இழுத்தார்.

அவசர டயாலிசிஸ் போட்டு மூன்றரை லிட்டர் நீரை எடுத்தார்கள். அதன் பிறகுதான் உதட்டில் நிறம் வந்தது.

மருத்துவமனை வராந்தாவில் மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். வெல்டர் அவரை நெருங்கினார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார்.

"கதவுல ஒட்டியிருக்கிற காகிதம் கண்ணுக்குத் தெரியலையா? அவளைக் கொல்லவா வந்தீங்க? மனுஷன்தானே நீங்க? உப்பு போட்டுத்தானே சாப்பிடுறீங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. மச்சான் நிமிர்ந்து பார்த்தார். லாரியில் பெரிய பெரிய மலைப்பாதைகளை ஏறி இறங்குகிற அந்த மனுஷன், கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகக் குந்திவிட்டார்.

"எனக்குத் தெரியாது மாப்ள. ஆசையா கேட்டா. குடுத்தேன்."

மனைவி வார்டுக்கு மாற்றப்பட்டதும் வெல்டரைக் கூப்பிட்டாள். குரல் காற்றாக இருந்தது.

"அண்ணனைத் திட்டாதீங்க. நானாத்தான் சாப்பிட்டேன். என்ன ஆகும்னு தெரிஞ்சேதான். கடைசியா நல்லா ஒரு வாய் சாப்பிட்டாச்சு. இது போதும். இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

வாதாட வெல்டரிடம் எதுவும் இல்லை. பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் காட்டியிருக்கலாம். கட்டி முடிக்காத வீடு என்று எதையாவது காட்டியிருக்கலாம். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"மாசம் முடிய மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள அந்தக் கறியை நான் பண்ணித் தர்றேன். உப்பில்லாம. அதைச் சாப்பிட்டுட்டு சொல்லு. அப்புறம் நீ என்ன சொல்றியோ அது."

"நீங்களா?" என்றாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் கேலி மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. "சரி. பாப்போம்."

புகை அடுப்பு கட்டுவது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. இரும்புக் கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் சமையல் எண்ணெய் வந்த பழைய பீப்பாய் ஒன்று கிடந்தது. பட்டறை முதலாளி "எடுத்துக்கோ" என்றார். உள்ளே விறகை அடுக்கிக் கொளுத்தி, பழைய பூச்சு முழுவதும் எரிந்து சாம்பலாகும் வரை விட்டார். கீழே காற்று வர ஒரு கதவு, மேலே புகை போக ஒரு குழாய், நடுவில் கறி வைக்கக் கம்பித் தட்டு. துத்தநாகம் பூசிய கம்பி சூட்டில் விஷப்புகை விடும் என்பது அவருக்குத் தொழிலில் அடிபட்டுத் தெரிந்த விஷயம். அதனால் துருப்பிடிக்காத கம்பியாகத் தேடி எடுத்துப் பற்றவைத்தார். தச்சரிடம் பாலீஷ் படாத கொய்யாக் கட்டை கேட்டு வாங்கினார். அடுப்பு ஜம்மென்று வந்தது.

மசாலாதான் காலை வாரியது.

முதல் தடவை, கடையில் பூண்டுப்பொடி என்று நினைத்து ஒரு குப்பியை எடுத்து வந்து, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், சர்க்கரையோடு கலந்தார். கலந்து முடித்துக் குப்பியைக் குப்பையில் போடப் போகும்போதுதான் பின்பக்கத்துச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. பூண்டு உப்பு. முக்கால்வாசி உப்பு, பேருக்குப் பூண்டு. கிண்ணத்தோடு கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கையை மூன்று முறை கழுவினார். அன்றிலிருந்து சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

இரண்டாவது தடவை, மல்லி, சீரகம், கடுகு, மிளகு எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டி வறுத்து அரைத்தார். சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்தார். அடுப்பில் நெருப்பு எகிறி, சர்க்கரை கருகி, கறி மேலே தார் ஊற்றின சாலை மாதிரி ஆகிவிட்டது. தானே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, துப்பினார்.

மூன்றாவது தடவை கருகவில்லை. பதமாக வெந்திருந்தது. நிறமும் நன்றாக வந்திருந்தது. நாலு மணி நேரம் பீப்பாய் பக்கத்தைவிட்டு நகராமல், கண் எரிய எரியப் புகையில் நின்று எடுத்த கறி. சின்னச் சின்னதாக வெட்டி, தட்டில் வைத்து எடுத்துப்போனார்.

அவள் ஒரு துண்டை எடுத்து மென்றாள். வெகு நேரம் மென்றாள். விழுங்கினாள்.

"நல்லாருக்குங்க" என்றாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற குரலில். தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

அவர் அடுப்படிக்குப் போய் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். மரத்தூள். புகை நாற்றம் அடிக்கிற மரத்தூள். 'மூஞ்சியில வீசியிருந்தா கூட நல்லாருந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டார். மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. அவள் எடை இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தது. வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள், இல்லாவிட்டால் நழுவி விழுகிறது என்று.

அந்த வாரம்தான் மருந்துக்கடைத் தட்டில் அந்தக் குப்பியைப் பார்த்தார். உப்பு மாதிரியே வெள்ளை. 'உப்புக்கு மாற்று. சோடியம் அறவே இல்லை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. வெல்டர் கடையில் நின்றபடியே அதை நாலு தடவை படித்தார். உப்பில் இருக்கிற சோடியம்தானே வேண்டாம் என்கிறார்கள்? சோடியம்தான் இல்லையே! இவ்வளவு நாள் இது எங்கே ஒளிந்திருந்தது? மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மசாலாவில் இரண்டு தேக்கரண்டி சேர்த்தார். வெந்து வந்ததும் ருசி பார்த்தார். நாக்கில் உப்பு! அடியில் லேசாக ஒரு கசப்பு, அவ்வளவுதான். கறி கறியாக இருந்தது. வெல்டருக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மதியம் மெஷினுக்குப் போகிற நாள். கிளம்பும் முன் ஒரு துண்டை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"ஒண்ணே ஒண்ணு."

"இப்ப வேண்டாங்க. குமட்டுது. மெஷின்ல உக்காந்தப்புறம் பாப்போம்."

டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். டயாலிசிஸ் அறையில் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு மெஷின்கள். எல்லோர் முகத்திலும் ஒரே சாம்பல் நிறம். நர்ஸ் ஊசி குத்தி, குழாய்களைச் செருகி, ரத்தம் ஓட ஆரம்பித்ததும், வெல்டர் டப்பாவைத் திறந்தார். வாசனை அறை முழுக்கப் போனது. இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, விசேஷமா?" என்றாள் நர்ஸ்.

"நானே பண்ணது சிஸ்டர். ஒரு பொட்டு உப்பு கிடையாது. ஆனா உப்பு ருசி இருக்கு. எப்படின்னு கேளுங்க." பெருமை தாங்காமல் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார்.

நர்ஸ் குப்பியைத் திருப்பிப் படித்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. மனைவியின் விரல் ஒரு துண்டைத் தொட்டிருந்தது. நர்ஸ் டப்பாவை அப்படியே இழுத்து மூடினாள்.

"இதைச் சாப்பிட்டாங்களா? வீட்டுல? காலையில? கொஞ்சமாவது?"

"இல்ல. ஏன் சிஸ்டர்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு வாய் கூட இல்ல. குமட்டுதுன்னா."

நர்ஸ் மூச்சை விட்டாள். அவரை ஓரமாக அழைத்துப்போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இது முழுக்கப் பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் இருந்தா வெளிய தள்ளிடும். இவங்களுக்கு அது ரத்தத்துலயே நிக்கும். அளவுக்கு மேல ஏறினா இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுடும். வாழைப்பழம் வேண்டாம்னோமே, ஏன்னு நினைச்சீங்க? அதெல்லாம் இதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல."

வெல்டர் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். மாடிப்படியில் நாலு படி இறங்கியவர் அப்படியே உட்கார்ந்தார். ஒரு துண்டு. வாயருகே கொண்டுபோன அந்த ஒரு துண்டு. அவள் குமட்டுகிறது என்று சொல்லியிருக்காவிட்டால் ஒன்று இரண்டாகியிருக்கும், இரண்டு எட்டாகியிருக்கும். அவள் நன்றாகச் சாப்பிடச் சாப்பிட, அவர் சந்தோஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் இன்னும் என்று ஊட்டியிருப்பார். மச்சானை என்னென்ன கேட்டார்! கொல்லவா வந்தீங்க என்று கேட்டாரே!

வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடத்தின் படிகளில் ஓர் ஆள் அழுவது யாருக்கும் புதிதில்லை. இனி முடியாது என்று தோன்றியது. அவள் சொல்கிறதுதான் சரி. நிறுத்திவிடலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

நாலு மணி நேரம் முடிந்து அவர் உள்ளே வந்தபோது மனைவி அவர் கண்களைப் பார்த்தாள். நர்ஸ் அவளிடம் சொல்லியிருந்தாள்.

இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். நிறுத்தத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னால முடியலம்மா. நீ சொன்னதுதான் சரி. நான் உன்னைச் சாகடிக்கப் பாத்தேன்."

"மல்லியும் சீரகமும் ஒண்ணாவா போட்டு வறுத்தீங்க?"

"என்ன?"

"அன்னைக்கு. கருகின அன்னைக்கு. வாசனையிலயே தெரிஞ்சுது. மல்லி பாதி வறுபடுறதுக்குள்ள சீரகம் கருகிடும். தனித்தனியாத்தான் வறுக்கணும். இது கூடவா தெரியாது?"

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"மூணாவது தடவை பண்ணதுல புளிப்பே இல்ல. உப்பு இல்லாத இடத்துல புளிப்பு இருக்கணும். இல்லன்னா நாக்குக்கு எதுவுமே தெரியாது. மனுஷன் இப்படி நாள் முழுக்கப் புகையில நிக்குறாரே, ஒரு வார்த்தை நம்மகிட்ட கேக்கலாம்ல?" அவள் குரல் உடைந்தது. "கேக்கவே இல்ல நீங்க. யாருமே எங்கிட்ட எதையும் கேக்குறதில்ல. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, எடை என்ன, அவ்வளவுதான். நான் என்ன, மெஷின்ல மாட்டுற இன்னொரு பாகமா?"

பேருந்து வந்தது. அவர்கள் ஏறவில்லை. அது போய் அடுத்தது வந்தபோதுதான் ஏறினார்கள்.

மறுநாள் காலை சமையல் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். எட்டு மாதத்தில் அவள் அடுப்படிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் வருவதற்குள் உப்பு டப்பாவை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டார்.

"டப்பாவையெல்லாம் ஒவ்வொண்ணா திறந்து காட்டுங்க."

காட்டினார். மோந்து பார்த்தாள். மல்லியைப் பழசு என்று ஒதுக்கினாள். புதுசு வாங்கிவர ஓடினார். வந்ததும் வறுக்கச் சொன்னாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு, "கடுகு இப்ப வெடிக்கும், இறக்குங்க... இறக்குங்கன்னா இறக்கணும், நின்னு ரசிக்கக் கூடாது" என்று விரட்டினாள். மிளகை ஒன்றிரண்டாகத்தான் இடிக்க வேண்டும், மாவாகிவிட்டால் காரம் மட்டும் தெரியும், மணம் போய்விடும் என்றாள். எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, வெறும் வாணலியில் சுருளச் சுருளக் காயவைத்துப் பொடித்தார்கள். பூண்டையும் வெங்காயத்தையும் மெலிசாக நறுக்கிக் காயப்போட்டு அரைத்தார்கள். சர்க்கரை இரண்டே தேக்கரண்டி. மிளகாய்த்தூளுக்கும் அளவு வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எழுதி, வெல்டர் உணவு ஆலோசகருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் "சரி" வந்த பிறகுதான் கிண்ணத்தில் விழுந்தது.

ஒரு சின்னத் துண்டை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அதன் மேல் பொடியைத் தூவி அவளிடம் கொடுத்தார். நாக்கு நுனியில் வைத்தாள்.

"எலுமிச்சைத் தோல் இன்னும் கொஞ்சம். சீரகம் ஜாஸ்தி, அடுத்த தடவை குறைங்க. தடவுறதுக்கு முன்னாடி கறி மேல வினிகர் தெளிக்கணும்."

பன்றித் தோளிலிருந்து வெட்டின துண்டைக் கறிக்கடைக்காரர் முன்னாலேயே நின்று, ஊறப்போடாதது, மருந்து ஏற்றாதது என்று இரண்டு தடவை கேட்டு வாங்கியிருந்தார். வினிகர் தெளித்துப் பொடியைத் தடவ ஆரம்பித்தார். அப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது என்ன, கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டா? உதறுங்க. ஒட்டினது ஒட்டட்டும், மிச்சம் விழட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானுக்குத் தானே போன் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்துக்கடைக் குப்பியைப் பற்றிச் சொன்னார். "நீங்க பண்ணதைவிட நான் பண்ணது மோசம் மச்சான். மன்னிச்சிடுங்க." மறுமுனையில் லாரி எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், "வந்துட்டிருக்கேன் மாப்ள" என்றார் மச்சான். வந்து, பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து, கொய்யாக் கட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நெருப்பு எகிறவில்லை. ஐந்து மணி நேரம் ஆனது.

வெட்டி வைத்த தட்டை வெல்டர் மனைவி முன் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவள் ஓரத்துத் துண்டை எடுத்தாள். மென்றாள். இன்னொன்று. நடுவில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். குமட்டுகிறதோ?

"உப்பில்ல" என்றாள்.

அவர் முகம் செத்துப்போனது.

"உப்பில்லன்னா இல்லன்னுதானே சொல்லணும். என்ன இப்ப, அழப்போறீங்களா? ஓரம் நல்லா இருக்கு. நடுவுல இன்னும் கொஞ்ச நேரம் வெந்திருக்கலாம். அண்ணனுக்கு ஒரு தட்டு வைங்க, எவ்வளவு நேரம் வாசல்லயே நிப்பாரு?" சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டை எடுத்தாள். ஐந்து துண்டு சாப்பிட்டாள். ஆலோசகர் சொன்ன உள்ளங்கை அளவுக்குச் சரியாக ஒரு துண்டு குறைவு. வெல்டர் எண்ணிக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மதியம், மெஷினுக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் கண்ணாடி முன் நின்று, தலையை வாரி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் சொன்னதை மறந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் படியிறங்கும்போது. "ஒரு நாள் சொல்லுவேன். அன்னைக்கு நீங்க கத்தக் கூடாது, உக்காந்து கேக்கணும்."

"கேக்குறேன்."

"ஆனா இன்னைக்கு இல்ல."

ஆறு வாரம் கழித்து வந்த தாளில் இரண்டு புள்ளி ஒன்பது என்றிருந்தது. டாக்டர் வட்டம் போடவில்லை. தேறிவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஊசி குத்துகிற கை வலித்தது, கால் வீங்கியது, சில காலைகளில் அவள் எழுந்திருக்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் காலைகளில் வெல்டரிடம் சொல்வதற்கு இப்போதும் எதுவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த வாரம் பொடியில் எதைக் கூட்டணும், எதைக் குறைக்கணும் என்று கேட்பார். சில நாள் பதில் வராது. சில நாள், முகத்தைத் திருப்பாமலே, "சீரகம்" என்பாள்.